அழையா விருந்தாளிகள்: மென்பொருள் திட்டங்களில் வழிச்சார்புகளைக் கையாளுதல்

நம் இல்லங்களுக்கு வரும் திருமண அழைப்பிதழ்களில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ வருகை தருமாறு வேண்டும் தொடர் பெரும்பாலும் இடம்பெறும். அழைக்கப்படுபவர் ஒருவர், வருபவர் பலர். அவ்வாறு வருவோர் அனைவரையும் அழைத்தவர் அறிந்திருப்பதில்லை. ஆயினும், வந்தோர் அனைவருக்கும் இலையிடும் பொறுப்பு அழைத்தவரையே சாரும். திருமண வீட்டில் இது மகிழ்ச்சிக்குரியது. மென்பொருள் திட்டத்தில் இதே நிலை சில வேளைகளில் பெருங்கவலையைத் தந்துவிடுகிறது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கனடாவின் கியூபெக் மாநில அரசு ஏறத்தாழ 4,000 இணையத்தளங்களை முன்னெச்சரிக்கையாக மூடியது. அவை அனைத்தும் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன என்று பொருளன்று. ‘லாக்4ஜே’ என்னும் மென்பொருள் பகுதியில் மிகக் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு ஒன்று வெளிப்பட்டிருந்தது. தம் தளங்களுள் எவையெவை அப்பகுதியைப் பயன்படுத்துகின்றன என்பதை உடனடியாகச் சொல்ல இயலாத நிலையில், ஒவ்வொன்றையும் சோதித்து அறியும்வரை மூடிவைப்பதே பாதுகாப்பானது என அரசு முடிவு செய்தது. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் அதே மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. உலகெங்கும் நிரலாளர்கள் தங்களிடம் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: “இது நம் வீட்டுக்குள் இருக்கிறதா?”

எளிமையாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண்பது ஏன் அத்துணைக் கடினமாயிற்று என்பதையும், வேண்டாதவற்றை முறையாக விலக்குவது எவ்வாறு என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சார்பும் வழிச்சார்பும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று எந்த நிரலாளரும் ஒரு மென்பொருளை முதலெழுத்திலிருந்து தாமே எழுதுவதில்லை. தேதிகளைக் கணக்கிடவும், மின்னஞ்சல் அனுப்பவும், தரவுத்தளத்தோடு பேசவும் பிறர் எழுதிப் பொதுவில் வழங்கியிருக்கும் ஆயத்த நிரல்தொகுப்புகளை எடுத்தாள்கிறார். இத்தகைய தொகுப்பை ‘நிரலகம்’ என்போம். ஒரு திட்டம் இயங்குவதற்கு ஒரு நிரலகம் தேவைப்படுமாயின், அந்நிரலகம் அத்திட்டத்தின் ‘சார்பு’ எனப்படும். தமிழாசிரியர்களுக்குச் ‘சார்பெழுத்து’ என்னும் இலக்கணச் சொல் நன்கு பழகியது. தனித்து நில்லாமல் பிறிதொன்றைச் சார்ந்து நிற்பது என்னும் அதே பொருளே இங்கும் கொள்ளத்தக்கது.

நாம் வெளிப்படையாகக் கேட்டுப் பெறுவது நேர்ச்சார்பு. அந்நிரலகமும் வேறு சில நிரலகங்களைச் சார்ந்திருக்கும். அவை இன்னும் சிலவற்றைச் சார்ந்திருக்கும். இவ்வாறு, நாம் கேளாமலேயே நேர்ச்சார்பின் வழியாக வந்து சேர்பவற்றை ‘வழிச்சார்பு’ என்போம்.

இவற்றையெல்லாம் திரட்டித் தருவது கட்டுமானக் கருவியின் பணி. ஜாவா மொழியில் எழுதுவோரிடையே ‘மேவன்’ என்னும் கருவி பரவலாக வழங்குகிறது. ஒரு திட்டத்திற்கு எந்த நிரலகத்தின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைத் திட்டக் கோப்பில் எழுதிவிட்டால், பொதுக் களஞ்சியத்திலிருந்து மேவன் அதனைக் கொண்டுவந்து சேர்க்கும். மேவனின் முதற்பதிப்பில் தேவையான அனைத்தையும் நிரலாளரே ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த 2.0ஆம் பதிப்பு, வழிச்சார்புகளைத் தானே கண்டறிந்து கொணரும் வசதியை அளித்தது. அது பெருமளவு உழைப்பை மிச்சப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால், பட்டியல் எழுதும் வேலை நீங்கியதோடு, பட்டியலில் என்ன இருக்கிறது என்னும் அறிவும் நம்மைவிட்டு நீங்கத் தொடங்கியது. இன்று ‘ஸ்பிரிங் பூட்’ கொண்டு ஓர் இணையச் செயலியைத் தொடங்கும் மாணவர் திட்டக் கோப்பில் எழுதுவது ஒரே ஒரு சார்பு. வந்து சேர்வன இருபதுக்கும் மேற்பட்டவை.

லாக்4ஜே நிகழ்விலும் இதுவே நடந்தது. லாக்4ஜே ஒரு மென்பொருளில் நிகழ்வனவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடு போன்றது. குறிக்கப்படும் செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவிலான தொடர் இருந்தால், அது வெளியிலிருந்து நிரலைத் தருவித்து இயக்கிவிடும் என்பதே அக்குறைபாடு. கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக்குழு மேவன் மையக் களஞ்சியத்தை ஆராய்ந்தபோது, பாதிப்புற்ற தொகுப்புகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் அக்குறைபாடு ஒரு படிக்கும் கீழே இருந்தது தெரியவந்தது. பெரும்பாலானவற்றில் அது ஐந்து படிகளுக்குக் கீழேயும், சிலவற்றில் ஒன்பது படிகள் வரையிலும் புதைந்திருந்தது. எனவே, திட்டக் கோப்பைத் திறந்து படித்து, “நாங்கள் லாக்4ஜேயைப் பயன்படுத்தவில்லை” என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அதனைக் கேட்டுப் பெறவில்லை, அவ்வளவே.

கருவி எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது?

ஒரே நிரலகம் இரு வழிகளில், இருவேறு பதிப்புகளாக வருமாயின் என்ன நேரும்? ஜாவா செயலியில் வழக்கமாக ஒரு பெயருடைய வகுப்பு ஒருமுறைதான் ஏற்றப்படும். ஆதலால், கட்டுமானக் கருவி ஒரு பதிப்பை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பள்ளி நூலகத்திற்கென ஒரு கடன்பதிவுத் திட்டத்தை நாம் எழுதுவதாகக் கொள்வோம். அத்திட்டம் ‘அறிக்கை’, ‘அஞ்சல்’ என்னும் இரு நிரலகங்களைக் கேட்டுப் பெறுகிறது. ‘அறிக்கை’, ‘அட்டவணை’ என்னும் நிரலகத்தைச் சார்ந்தது. ‘அட்டவணை’, ‘தேதி’யின் 2ஆம் பதிப்பைச் சார்ந்தது. மறுபுறம், ‘அஞ்சல்’ நேரடியாகத் ‘தேதி’யின் 1ஆம் பதிப்பைச் சார்ந்தது. முதல் வழியில் ‘தேதி’யை அடைய மூன்று படிகள்; இரண்டாம் வழியில் இரண்டு படிகள். மேவன் அண்மையில் உள்ளதையே தேர்ந்தெடுக்கும். எனவே, பழைய 1ஆம் பதிப்பு வெல்லும். இரண்டும் ஒரே தொலைவில் இருப்பின், திட்டக் கோப்பில் முதலில் எழுதப்பட்டதன் வழி வந்தது வெல்லும். ‘கிரேடில்’ என்னும் மற்றொரு கருவியோ, தனியாக எதுவும் சொல்லாவிட்டால், உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். ஒரே திட்டம் கருவி மாறும்போது வேறு பதிப்போடு கட்டப்படலாம் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இதன் விளைவு உடனே வெளிப்படாது என்பதே இதிலுள்ள இடர். ‘அட்டவணை’ முன்பே தொகுக்கப்பட்டு வந்திருப்பதால், நம் திட்டத்தைத் தொகுக்கும்போது பிழை எதுவும் காட்டப்படாது. ‘தேதி’யின் 2ஆம் பதிப்பில் மட்டுமே உள்ள ஒரு செயல்முறையை ‘அட்டவணை’ அழைக்கும் கணத்தில்தான் “அத்தகைய செயல்முறை இல்லை” என்னும் பிழையோடு செயலி நிற்கும். ஆண்டிறுதி அறிக்கைக்கு மட்டுமே அச்செயல்முறை தேவைப்படுமாயின், ஜனவரியில் செய்த தவற்றை நாம் டிசம்பரில்தான் அறிவோம்.

விலக்குவதும் பொறுப்பேற்பதும்

வேண்டாத வழிச்சார்பை விலக்க மேவன் ஒரு வழி தருகிறது. திட்டக் கோப்பில் ஒரு நேர்ச்சார்பைக் குறிப்பிடும் இடத்திலேயே, “இதன் வழியாக இன்ன நிரலகம் வர வேண்டா” என்று எழுதிவிடலாம். இதனை ‘விலக்கு’ என்போம். எழுதுவதற்கு நான்கைந்து வரிகளே பிடிக்கும். எளிதாக இருப்பதாலேயே பலர் ஆராயாமல் இதனைக் கையாள்கின்றனர். இதன் முழு இயல்பையும் காட்டுவதற்கு ஜாவா உலகில் நெடுங்காலம் வழங்கிய ஒரு நிகழ்வைக் காண்போம்.

‘ஸ்பிரிங்’ என்னும் புகழ்பெற்ற சட்டகத்தின் மையப் பகுதி, அதன் 4ஆம் பதிப்பு வரிசைவரை ‘காமன்ஸ் லாகிங்’ என்னும் பதிவேட்டு நிரலகத்தைச் சார்ந்திருந்தது. நிரலாளர் பலர் தம் திட்டங்களில் ‘எஸ்எல்எஃப்4ஜே’ என்னும் வேறொரு பதிவேட்டு முறையைப் பின்பற்ற விரும்பினர். ஒரே செயலியில் இரண்டு பதிவேடுகள் இருந்தால், ஒரு செய்தி எங்கே பதிவாகிறது என்பதே குழப்பமாகிவிடும். எனவே, ஸ்பிரிங்கின் வழியாக வரும் காமன்ஸ் லாகிங்கை விலக்க முற்பட்டனர்.

விலக்கை எழுதிச் செயலியைத் தொடங்கினால், அது தொடக்கத்திலேயே நின்றுவிடும். காமன்ஸ் லாகிங்கின் வகுப்பு ஒன்றைக் காணவில்லை என்று பிழை காட்டும். காரணம் எளிது. நாம் விலக்கியது நிரலகத்தை மட்டுமே. ஸ்பிரிங்கின் நிரலுக்குள் அதனை அழைக்கும் வரிகள் அப்படியே இருக்கின்றன. மேவன் நம் சொல்லை நம்பி அந்நிரலகத்தைக் கொணராமல் விட்டது. ஒரு விலக்கை எழுதும்போது, “இது இல்லாமலும் இத்திட்டம் இயங்கும்” என்று நாம் உறுதிமொழி அளிக்கிறோம். அவ்வுறுதி மெய்யா என்பதை மேவன் சோதிப்பதில்லை.

இதற்குத் தீர்வாக எஸ்எல்எஃப்4ஜே குழுவினர் ஒரு பாலத்தை வழங்கினர். அப்பாலம் காமன்ஸ் லாகிங்கின் வகுப்புப் பெயர்களையே தாங்கியிருக்கும். ஆனால், வரும் செய்திகளை எஸ்எல்எஃப்4ஜேயிடம் ஒப்படைக்கும். காமன்ஸ் லாகிங்கை விலக்கி, அவ்விடத்தில் இப்பாலத்தைச் சேர்த்தால், ஸ்பிரிங் வேறுபாடு உணராமல் இயங்கும். விலக்கப்பட்டதன் பணியைச் செய்ய ஒருவரை அமர்த்திய பின்னரே விலக்கு நிறைவு பெறுகிறது.

அத்தோடும் வேலை முடியவில்லை. அதே திட்டம் ‘அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட்’ நிரலகத்தின் 4ஆம் பதிப்பையும் பயன்படுத்துமாயின், அதன் வழியாகவும் காமன்ஸ் லாகிங் வந்துவிடும். முன்வாயிலில் தடுக்கப்பட்டவர் பின்வாயில் வழியாக நுழைவது போன்றது இது. மேவனில் விலக்கு என்பது குறிப்பிட்ட ஒரு சார்பின் வழிக்கு மட்டுமே செல்லும். திட்டம் முழுமைக்கும் செல்லாது. இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால், மேவனை வடிவமைத்தோர் காரணத்தோடுதான் இவ்வாறு அமைத்தனர். எந்த வழியே எது வருகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒரு தாய்த்திட்டத்தில் எழுதிய விலக்கு, அதன் கிளைத்திட்டம் ஒன்றுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதைத் தெரியாமல் நீக்கிவிடக் கூடாது. விலக்கைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்பதும், எந்தச் சார்பு அதனைக் கொண்டுவருகிறது என்பதில் ஐயமறத் தெளிந்த பின்னரே அதனை எழுத வேண்டும் என்பதும் அவர்தம் அறிவுரை.

ஸ்பிரிங்கின் 5ஆம் பதிப்பு 2017இல் வெளிவந்தபோது, அது தனக்கென ஒரு பதிவேட்டுப் பாலத்தை வைத்துக்கொண்டு காமன்ஸ் லாகிங்கைக் கைவிட்டது. அதன் பின்னரும் பழைய விலக்கு வரிகளைச் சுமந்துகொண்டிருந்த திட்டக் கோப்புகள் உண்டு. ஏன் எழுதினோம் என்பது குறிக்கப்படாததால், பின்னால் வந்தவர் அவ்வரிகளை நீக்கவும் அஞ்சுவர். ஆதலின், ஒவ்வொரு விலக்கின் அருகிலும் அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்தல் நன்று.

விலக்கைத் தவிர வேறு வழிகள்

வழிச்சார்பு ஒன்று தொல்லை தருகிறது என்றவுடன் விலக்கை நாடுவது சரியன்று. நோய் எதுவென அறிந்த பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதற்படி, காண்பது. மேவனில் சார்பு மரத்தை வரைந்து காட்டும் கட்டளை உண்டு. எந்த நிரலகம் எதன் வழியாக வந்தது என்பதைக் கிளைகிளையாக அது காட்டும். விரிவாகக் காட்டுமாறு கேட்டால், போட்டியில் தோற்று விடுபட்ட பதிப்புகளையும் காணலாம். சார்பு மரத்தைப் பாராமல் எழுதப்படும் விலக்கு இருட்டில் எறியும் கல் போன்றது.

தொல்லைக்குக் காரணம் தவறான பதிப்பு மட்டுமே எனில், விலக்கு தேவையில்லை. பதிப்பை நிலைப்படுத்தினால் போதும். திட்டக் கோப்பில் சார்பு மேலாண்மைக்கென ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு நிரலகத்தின் பதிப்பைக் குறித்துவிட்டால், அது எத்தனை படிகளுக்குக் கீழிருந்து வந்தாலும் அப்பதிப்பே கொள்ளப்படும். நம் நூலகத் திட்டத்தில் ‘தேதி’யின் 2ஆம் பதிப்பை அங்கே எழுதினால் ‘அட்டவணை’யின் சிக்கல் தீரும். ஆனால், 1ஆம் பதிப்பை எதிர்பார்த்து எழுதப்பட்ட ‘அஞ்சல்’ 2ஆம் பதிப்போடும் ஒழுங்காக இயங்குகிறதா என்பதை நாமே சோதித்தாக வேண்டும்.

லாக்4ஜே நிகழ்வின்போது கைகொடுத்தது இவ்வழியே. பதிவேட்டை முற்றாக நீக்கிவிடப் பெரும்பாலோரால் இயலாது. ஒன்பது படிகளுக்குக் கீழே இருக்கும் ஒன்றைப் புதுப்பிக்க, இடையிலுள்ள ஒவ்வொரு குழுவும் தத்தம் நிரலகத்தைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்கவும் இயலாது. மேலும், 2.15.0 என்னும் திருத்தப் பதிப்பைத் தொடர்ந்து 2.16.0, 2.17.0, 2.17.1 ஆகியவையும் அம்மாதத்திற்குள்ளேயே அடுத்தடுத்து வெளிவந்தன. பதிப்பை ஓரிடத்தில் நிலைப்படுத்தியிருந்த குழுவினர் ஒவ்வொரு முறையும் ஒரு வரியை மாற்றினால் போதுமானதாயிற்று.

ஒரு நிரலகம் எக்காரணம் கொண்டும் உள்ளே வரக்கூடாது எனில், காவல் வைக்கலாம். மேவனின் ‘என்ஃபோர்சர்’ என்னும் செருகுநிரலில் தடைப்பட்டியல் ஒன்றை எழுதிவைத்தால், பட்டியலில் உள்ள நிரலகம் எந்த வழியே வந்தாலும் கட்டுமானம் அங்கேயே நிற்கும். விலக்கு இன்று வந்ததைத் தடுக்கும். காவல் நாளை வரவிருப்பதையும் தடுக்கும்.

நிரலகம் எழுதுவோருக்கும் இதில் கடமை உண்டு. தம் நிரலகத்தின் சோதனைக்கு மட்டும் தேவைப்படுவதைச் சோதனைக்குரியது என்றும், சிறப்பு வசதி ஒன்றிற்கு மட்டும் தேவைப்படுவதை விருப்பத்திற்குரியது என்றும் அவர்கள் குறித்துவிட்டால், அவை பயனரின் திட்டத்தில் வழிச்சார்பாக வந்து சேரா. தம் வீட்டுச் சுமையை அயலார் தலையில் ஏற்றாதிருக்கும் பண்பு இது.

அழைக்காமலே இருத்தல்

இவை அனைத்திற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நேர்ச்சார்பே நமக்குத் தேவைதானா? 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் சிறு நிரலகத்தை அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் சேர்க்கும் அந்நிரலகத்தின் நீளம் 11 வரிகளே. அதனை வழிச்சார்பாகக் கொண்டிருந்த பெருந்திட்டங்கள் பல கட்டப்பட இயலாமல் நின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் நிரலாளர்கள் அந்நிரலகத்தின் பெயரைக்கூட அதற்குமுன் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். ஓரிரு மணி நேரத்தில் நாமே எழுதக்கூடிய ஒன்றைப் பெறுவதற்குப் பிறருடைய மரத்தை வேரோடு கொண்டுவர வேண்டுமா என்று எண்ணிப் பார்த்தல் நலம். அதே வேளையில், மறையாக்கம் போன்ற நுட்பமான பணிகளை நாமே எழுத முற்படுவதும் தவறு. எதற்குப் பிறரைச் சார்வது, எதற்குச் சாராதிருப்பது என்று பகுத்தறிவதே நிரலாளரின் முதிர்ச்சி.

வகுப்பறையில்

நிரலாக்கம் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் இதனை ஒரு பாடவேளையிலேயே காட்டலாம். மாணவர்கள் தாம் முன்பே எழுதிய திட்டம் ஒன்றின் சார்பு மரத்தை வரைந்து பார்க்கட்டும். தாம் கேட்டவை எத்தனை, வந்தவை எத்தனை என்று எண்ணட்டும். வந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை எழுதட்டும்: இது எந்த வழியே வந்தது? இது என்ன பணி செய்கிறது? இதனை விலக்கினால் அப்பணியை யார் செய்வர்? பின்னர், உண்மையிலேயே அதனை விலக்கிச் செயலியை இயக்கிப் பார்க்கட்டும். அது நிற்குமாயின், ஏன் நின்றது என்பதை அவர்களே கண்டுரைப்பர். நிற்காமல் ஓடுமாயின், இன்னும் எந்தெந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டாவது கேள்வியே கடினமானது; பயன் மிக்கதும் அதுவே.

மூன்றாவது வினாவுக்கு விடை சொல்ல இயலாத மாணவர் அவ்விலக்கை எழுதாதிருப்பதே முறை. முதல் வினாவுக்கு விடை சொல்ல இயலாத திட்டமோ, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் உலகம் கேட்ட கேள்வி மீண்டும் எழும்போது வாய்மூடி நிற்க நேரும். கியூபெக்கில் மூடப்பட்ட தளங்கள் யாவும் குறைபாடு உடையவை அல்ல. எவை குறைபாடற்றவை என்பது தெரியாததால், அவையும் சேர்ந்து மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த மக்களும் காத்திருக்க நேர்ந்தது.

நம் திட்டத்திற்குள் இருக்கும் ஒவ்வொரு நிரலகத்தையும் நாமே எழுத வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றின் உட்பகுதியையும் கற்றறிய வேண்டும் என்பதும் இல்லை. யார் வந்திருக்கிறார், எவருடன் வந்திருக்கிறார் என்பதையேனும் அறிந்திருக்க வேண்டும். அழையாமல் வந்தவராயினும், நம் வீட்டுக்குள் வந்துவிட்டபின் அவருக்குப் பொறுப்பு நாமே.